ரோஸ்லின் விட்டுவைத்த இடைவெளி

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் துணை மேயர் அவர்களே, ரோஸ்லினின் தங்கை பிரிஜித் அவர்களே, எங்கள் பாட்டு மேஜையின் தலைவி ஜோசியான் அவர்களே, வியாழக்கிழமை நண்பர்களே, ரோஸ்லினை ஒருமுறைகூட நேரில் சந்திக்காமல் அவருடைய பாட்டை மட்டும் தெரிந்துகொண்டு இங்கே வந்திருக்கும் ரூபே நகரத்து மக்களே, கடைசி வரிசைக்கும் பின்னால் ஹீட்டரை ஒட்டி, கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருப்பவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

நம் பாடகி, நம் பாடலாசிரியர், ரோஸ்லின் வானூட் அவர்கள் மறைந்துவிட்டார். ஐம்பத்தாறு வயதில். இதைச் சொல்வதற்கு எனக்கு முன்னால் பேசியவர்களுக்கு அழகான வார்த்தைகள் கிடைத்தன. எனக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. நான் லீல் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பிக்கிறவள். ஆதாரம் இல்லாத வாக்கியத்தின் கீழே சிவப்புக் கோடு போடுவது என் தொழில். இரங்கல் கூட்டங்களில் பேசப்படும் வாக்கியங்களில் பாதி அந்தச் சிவப்புக் கோட்டுக்குத் தப்பாது. ஆகவே ரோஸ்லின் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் நேரத்துக்கு வரமாட்டார். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், கையும் களவுமாகப் பிடித்தாலும் சிரிப்பார். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தரமாட்டார். பிரிஜித், என்னுடைய நீலத் தட்டு ஒன்று இன்னும் உங்கள் அக்காவின் சமையலறையில் இருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை. அங்கேயே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தைப் பற்றிப் பேசத்தான் நான் இன்று இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறேன்.

பத்திரிகைக்காரர்கள் ரோஸ்லினிடம் எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உங்கள் இசை யாரிடமிருந்து வந்தது? கறுப்பு உடை போட்டுப் பாடிய பாரிஸ் பாடகிகளின் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்வார் என்று பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள். ரோஸ்லின் என்ன சொன்னார்? ஒரு பத்திரிகைக்கு, "துணி சோப்பு விளம்பரம்" என்றார். இன்னொன்றுக்கு, "எங்க பக்கத்து வீட்டு போர்ச்சுகல்காரம்மா. செவுரு மெல்லிசு, அவங்க அழுதுகிட்டே பாடுவாங்க, எனக்கு எல்லாம் கேக்கும்" என்றார். தொலைக்காட்சியில், "புறாப் பந்தய சங்கத்து பேண்டு வாத்தியம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவை உணர்வு மிக்க வடக்கத்திப் பெண் என்று எழுதினார்கள்.

நண்பர்களே, அவர் விளையாடவில்லை! ஒவ்வொரு முறையும் சத்தியத்தைத்தான் சொன்னார்.

ரோஸ்லின் எங்கே பாட்டுக் கட்டக் கற்றார்? இசைப் பள்ளியிலா? அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை. பாரிஸிலா? முப்பத்தைந்து வயதுவரை லீல் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். பாரிஸுக்கு மற்றவர்களைத்தான் அனுப்பிவைத்தார். அவர் கற்றது இங்கே, கால்வாய்க்குப் பக்கத்தில், 'மூன்று புறாக்கள்' பீர்க்கடையின் பின்னறையில், எங்கள் வியாழக்கிழமை மேஜையில்.

அந்த மேஜையை அறியாதவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதன் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் நான் சொல்லப்போவது இதன் மேல்தான் நிற்கிறது.

எங்கள் மேஜையில் யாரும் புது மெட்டோடு வருவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு ஒன்றை எடுத்து, அதற்குப் புதிய வார்த்தைகள் எழுதிக்கொண்டு வருவோம். வாடகை ஏறியதைப் பற்றி, மாமியாரைப் பற்றி, போன வாரம் மூடிய ரொட்டிக் கடையைப் பற்றி. பாட வேண்டியவர் எழுந்துபோய்ப் பியானோவில் ஒற்றை விரலால் அந்த மெட்டின் முதல் வரியை வாசிப்பார். பிறகு கையை எடுத்துவிடுவார். இப்போது அறையின் முறை. வாயைத் திறக்காமல், அந்த வரியை எல்லோரும் சேர்ந்து திருப்பி முணுமுணுப்போம். அதற்குப் பிறகுதான் வார்த்தைகள். மெட்டுக்குச் சொந்தக்காரர் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. அந்த முணுமுணுப்புதான் பெயர். அதுதான் நன்றி. அதுதான் அனுமதி. யாருமே முணுமுணுக்கவில்லை என்றால்? பாட்டு கிடையாது. வந்தவர் வந்த வழியே போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஜோசியான் கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டுவார். பள்ளி உணவுக்கூடத்தில் முந்நூறு குழந்தைகளை அடக்கிய கரண்டி அது. அதை எதிர்த்து நின்றவர்கள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மேஜையில் 'நீங்கள்' கிடையாது. எல்லோரும் 'நீ'தான். மேயரே வந்தாலும் 'நீ'தான். நான் முதன்முதலாக ஆராய்ச்சிக்காக அங்கே போனபோது, என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு மரியாதையாக நின்றேன். ஜோசியான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பல்கலைக்கழகமா? பரவால்ல, உக்காரு. பியானோ பக்கத்துல மட்டும் உக்காராத. அதுக்கு ஏற்கனவே சுருதி போயிடுச்சு, நீ வேற பயமுறுத்தாத."

அந்த அறையில் சத்தமாகச் சிரித்தவர் ரோஸ்லின். அப்படித்தான் நான் அவரை அறிந்தேன்.

அவர் மற்றவர்களைப் போலத்தான் தொடங்கினார். ஆனால் அவர் அதற்கு மேல் ஒரு வேலை செய்தார். இரவல் மெட்டில் வார்த்தைகளை எழுதி, மேஜையில் பாடி, எங்களைச் சிரிக்கவோ அழவோ வைத்த பிறகு, அந்த மெட்டை மெல்ல உருவி எடுத்துவிட்டு, அதே இடத்தில் தன் சொந்த மெட்டை வைப்பார். கல் வளைவு கட்டும்போது கீழே மரச்சட்டம் வைப்பார்கள் அல்லவா? வளைவு தானாக நின்றதும் சட்டத்தை எடுத்துவிடுவார்கள். அது போல. ஆனால், சட்டம் போனாலும் வளைவு யாருடைய வடிவத்தில் நிற்கிறது? சட்டத்தின் வடிவத்தில்தானே! 'இரண்டு சாவிகள்' என்ற மணமுறிவுப் பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் அடியில் இருப்பது போலந்துச் சுரங்கத் தொழிலாளர்கள் கிறிஸ்துமஸுக்குப் பாடும் பாட்டு. 'ஞாயிற்றுக்கிழமை பஸ்' பாட்டின் அடியில் அந்தப் போர்ச்சுகல்காரம்மா அழுகிறார். 'மூன்று புறாக்கள்' கடைக்காரர் யமினா, குவளை துடைக்கும்போது தன் தாய்மொழியில் ஒரு தாலாட்டுப் பாடுவார்; அது எந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்று அவருக்கும் ரோஸ்லினுக்கும் மட்டும் தெரியும். சோப்பு விளம்பரம் எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தப் பாட்டைக் கேட்டு உங்களால் அழ முடியாமல் போய்விடும்.

புகழ் வந்தது. வானொலி, மேடைகள், பெரிய நகரங்கள். வியாழக்கிழமை மட்டும் மாறவில்லை. ரோஸ்லின் வந்து, சூடான சர்க்கரை டார்ட் பலகாரத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருப்பார். ஒருமுறை நான்காவது சரணம் பாடப் போனார். டங்கென்று கரண்டி.

"பாரிஸ்ல நாலு பாடு பொண்ணே. இங்க மூணுதான்."

"அடிப்பாவி, நாலாவதுலதான் கதையே முடியுது!"

"அப்ப அடுத்த வாரம் வந்து முடி. பீர் சூடாகுது."

அடுத்த வாரம் வந்து முடித்தார். அப்படிப்பட்டவர்.

அவர் செய்த பணிகளை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். வீட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்த பெண்களின் விடுதியில் பல குளிர்காலங்கள் பாட்டெழுதக் கற்றுத்தந்ததைச் சொன்னார்கள். நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தூர்குவானில் ஒரு முதியோர் இல்லம். அங்கே அவரைக் காரில் அழைத்துப்போனவள் நான், ஏனென்றால் ரோஸ்லினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரியாது என்பதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. அங்கே அவர் பழைய மெட்டின் முதல் வரியை ஒற்றை விரலால் வாசித்துவிட்டுக் கையை எடுத்தார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லை. அந்த அறை முழுக்க முணுமுணுத்தது. தன் மகளின் பெயரை மறந்த ஒரு பெரியவர் உட்பட. திரும்பி வரும்போது காரில் ரோஸ்லின் சொன்னார்: "இன்னைக்குத்தான் நல்ல ஹாலு கெடச்சுது." முந்தைய வாரம் அவர் பாடியது பாரிஸில், ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டிய அரங்கில். ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் அப்போது கேட்கவில்லை.

இனி, அந்தப் பாட்டுக்கு வருகிறேன். 'ஈரக் கோட்டு.' ரோஸ்லினை நாடறியச் செய்த பாட்டு. மழையில் நனைந்து பள்ளிக்கு வரும் ஒரு சின்னப் பெண்ணின் பாட்டு.

"பள்ளிக்கூட ஹீட்டருல காயுதென் கோட்டு,
மழைக்கு என் பேர் தெரியும், டீச்சருக்குத் தெரியாது."

இதன் அடியில் இருக்கும் மெட்டு யாருடையது?

எங்கள் மேஜையில் ஒரே ஒருவர்தான் சொந்தமாக ஒரு மெட்டைக் கொண்டுவந்தவர். கிலேன் மொரேல். பள்ளிகளிலும் வீடுகளிலும் ஹீட்டரும் பாய்லரும் பழுதுபார்ப்பவர். ஒரு வகுப்பறையிலிருந்து இன்னொரு வகுப்பறைக்கு நடந்தபடி, சுடுநீர் ஹீட்டர்களுக்குள் அடைத்துக்கொண்ட காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டே அவர் சீட்டியடித்த மெட்டு அது. படியேறுவது போல மேலே போய், கடைசிப் படிக்கு முன்னால் கொஞ்சம் தயங்கி நிற்கும். அவருக்கு வார்த்தை எழுத வராது. மெட்டை மேஜையில் வைத்தார். நாங்கள் எல்லோரும் அதற்கு வார்த்தைகள் எழுதினோம். அது எங்கள் மேஜையின் செல்ல மெட்டு ஆகிவிட்டது. ரோஸ்லினும் எழுதினார். ஹீட்டர்காரரின் மெட்டுக்கு ஹீட்டரில் காயும் கோட்டைப் பற்றி எழுதினார். பிறகு தன் வழக்கப்படி சட்டத்தை எடுத்துவிட்டு வளைவை நிறுத்தினார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை மாலை. கிலேன் உள்ளே வந்தார். உட்காரவில்லை. கோட்டைக் கழற்றவில்லை. ரோஸ்லினுக்கு எதிரில் வந்து நின்றார்.

"ஒரு வீட்ல பாய்லருக்கு அடியில படுத்துக்கெடக்கேன். ரேடியோல நீ வர்ற. என் மெட்டு வருது. மேல பட்டுச் சட்டை போட்டுவிட்டிருக்க, ஆனா நடை எனக்குத் தெரியாதா? அந்த வீட்டம்மா சொல்றாங்க, 'அழகா இருக்குல்ல, இவங்களே மெட்டுப் போட்டாங்களாம்'னு. நான் என்னன்னு சொல்றது? பாய்லர் சரியாயிடுச்சு மதாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார்.

"என் பேரைச் சொன்னியா ரோஸ்லின்? அதான் கேக்கறேன். காசு கேக்கல. சொன்னியா?"

"சொல்றேன். மேடையில பாடற ஒவ்வொரு நாளும் சொல்றேன். ஒரு நாள் வந்து கேளேன்."

"என் மெட்டைக் கேக்க நான் டிக்கெட் எடுத்துக்கிட்டு வரணுமா?"

"டிக்கெட்ட நான் தர்றேன், முரட்டுப்பய."

"உன் தானம் எனக்கு வேணாம்."

ஜோசியான் கரண்டியால் தட்டினார். "ரெண்டு பேரும் உக்காருங்க. டார்ட் ஆறிப்போச்சு." அன்று முதன்முறையாக அந்தக் கரண்டிக்கு யாரும் கட்டுப்படவில்லை. கிலேன் போய்விட்டார். அடுத்த வியாழனும் வரவில்லை, அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. குளிர்காலம் வந்ததும் யாரோ அதில் ஒரு கோட்டைப் போட்டார்கள். பிறகு இன்னொன்று. ஒன்பது ஆண்டுகளாக அது எங்கள் கோட்டுகளைப் போடும் நாற்காலியாக இருந்தது.

நாங்கள் என்ன நினைத்தோம்? ரோஸ்லின் சமாளிக்கிறார் என்று நினைத்தோம். ஏனென்றால் நாங்கள் எல்லோரும் ஒருமுறை பஸ் பிடித்து லீலுக்குப் போய் அவருடைய மேடை நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள். கிலேனின் பெயர் எங்கள் காதில் விழவில்லை.

அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். நினைவிருக்கிறதா? 'ஈரக் கோட்டு' தொடங்குவதற்கு முன்னால், ரோஸ்லின் பியானோவைச் சரிபார்ப்பது போல ஒற்றை விரலால் கொஞ்சம் தட்டுவார். பிறகு கையை எடுத்துவிடுவார். ஒரு மௌனம். நீண்ட மௌனம். பிறகுதான் பாட்டு. அந்த மௌனம் பெரும்புகழ் பெற்றது! அதற்கு 'வானூட் மௌனம்' என்று பெயர் வைத்தார்கள். மூடப்பட்ட நம் ஊர் நூற்பாலைகளின் மௌனம் அதில் கேட்கிறது என்று பாரிஸில் ஒரு விமர்சகர் எழுதினார். நானும் அந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆலை எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் யாரோ இருமியது கேட்டது.

இந்நேரம் உங்களில் சிலருக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. போன வசந்தகாலம்வரை புரியவில்லை.

அராஸ் நகரத்தில் மதிய ஒத்திகை. காலி அரங்கு. உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ரோஸ்லின் அந்த இடத்துக்கு வந்தார், தட்டினார், நிறுத்தினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க யாருமே இல்ல. யாருக்காக இந்த நாடகம்? ஏன் அங்க நிறுத்தற?"

"நிறுத்தல. காத்திருக்கேன்."

"எதுக்கு?"

"நீ முணுமுணுக்கறதுக்கு, அறிவாளி."

என் கை பொட்டலத்துக்குள் அப்படியே நின்றது. அவர் திரும்பவும் வாசித்தார். மெதுவாக. படியேறி, கடைசிப் படிக்கு முன்னால் தயங்கும் அந்த வரி. கிலேனின் வரி. அதன்மேல் பட்டுச் சட்டை இல்லை. அவர் எப்படிச் சீட்டியடித்தாரோ அப்படியே.

"நம்ம மேஜைல என்ன செய்வோம்? அதையேதான் செய்யறேன். வாசிக்கறேன், கைய எடுக்கறேன், காத்திருக்கேன். எந்த ஊர்லயும் யாரும் முணுமுணுக்கல. அவங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு மூச்சு பாத்துட்டு பாடிடறேன். ஜோசியான் மட்டும் பக்கத்துல இருந்தா கரண்டியால என்னை உக்கார வெச்சிருப்பா."

"இசைத்தட்டுல இது இல்லையே?"

"வெட்டிட்டாங்க. நான் பியானோவத் தட்டிப் பாக்கறேன்னு நெனச்சிருக்காங்க. எனக்குத் தெரியறப்போ தட்டு கடைக்கு வந்துடுச்சு. ரேடியோல அவன் அதைத்தானே கேட்டான்."

"அப்ப போய் அவன்கிட்ட சொல்லேன்!"

"சொல்லிக் கூட்டிட்டு வந்தா அவன் பாட்டு கேக்க மாட்டான். பைப்பு ஒழுகுதான்னு பாக்கற மாதிரி சரிபாப்பான். அவனே வரணும். அவன் வாயில அதுவா வரணும்."

"இது சுத்த முட்டாள்தனம் ரோஸ்லின்."

"இருந்துட்டுப் போகட்டும். நான் இருக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்காத."

அது முட்டாள்தனம் என்றுதான் நான் அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! நாடு முழுவதும், ஊர் ஊராக, ஒன்பது ஆண்டுகள் ஒரு பெண் மேடையேறி, ஒரு நண்பனின் பெயரைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறார். பதில் வரவில்லை. மறுநாள் இன்னொரு ஊரில் திரும்பவும் சொல்கிறார். திரும்பவும் காத்திருக்கிறார். புகழ்பெற்ற அந்த மௌனம் என்ன? கலையா? உத்தியா? எங்கள் ஊர் ஆலைகளின் சோகமா? இல்லை. அது ஒரு நாற்காலி. ஒருவருக்காக இழுத்துப்போட்டு வைத்த நாற்காலி.

கோடையில் நோய் வந்தது. இலையுதிர் காலத்துக்கு மேல் விட்டுவைக்கவில்லை. மருத்துவமனையில் ஒருநாள், ஜன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டர் சத்தம் போட்டது. "உள்ள காத்து இருக்கு" என்றார் ரோஸ்லின். "அத வந்து தொறந்துவிட ஆள் வேணும்."

தகன மண்டபத்தில் நாம் எல்லோரும் இருந்தோம். வழக்கம்போல, பெட்டி உள்ளே போகும் நேரத்தில் அவருடைய பாட்டை ஒலிக்கவிட்டார்கள். இசைத்தட்டிலிருந்து. நேராக முதல் வார்த்தை. முன்னால் இருக்க வேண்டிய வரியும் இல்லை, இடைவெளியும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கிலேன் மொரேல் வாசல் தூணருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் வந்திருந்தார்! ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவராக வந்திருந்தார். முதல் வார்த்தை ஒலித்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசி நாளன்றும் அவருடைய பெயர் சொல்லப்படவில்லை.

அதனால்தான் நான் பேச வேண்டும் என்று கேட்டேன். 'நான் இருக்கற வரைக்கும்' என்றார் ரோஸ்லின். நான் வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொள்கிறவள்.

முதலில் ஜோசியானிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கேட்டுச்சு. லீல்ல எனக்கு அந்த வரி நல்லாவே கேட்டுச்சு. தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா வெல்வெட் சீட்டுல உக்காந்துக்கிட்டு எப்படி? பக்கத்துல முத்துமாலை போட்ட ஒரு அம்மா. பியானோ சரியா இருக்கான்னு பாக்கறா போலன்னு வாய மூடிக்கிட்டேன்."

வாழ்நாள் முழுவதும் அந்த வழக்கத்தைக் கரண்டியோடு காத்தவர் ஜோசியான். அவரே வாயை மூடிக்கொண்டார்! ஏன்? மரியாதைக்காக. பெரிய அரங்கில் பாடகரிடம் பாட்டு, பார்வையாளரிடம் மௌனம் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் வந்த நாங்கள் அத்தனை பேரும் அன்று ஒழுங்காக நடந்துகொண்டோம். ரோஸ்லின் மேடையிலிருந்து எங்களைப் பார்த்தார். எங்களுக்கும் ஒழுங்கு பழகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். பாடினார்.

இன்று மாலை இந்த மண்டபத்தின் வாசலில் கிலேனைப் பார்த்தேன். ஜோசியான் போன் செய்து, வர வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார், காரணம் சொல்லவில்லை.

"மேடையில உன் பேரைச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லப் போற?"

"நடந்தத."

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "சுருக்கமா இருந்தாச் சொல்லு" என்றார்.

சுருக்கமாகச் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டும். அதோ, ஹீட்டர் பக்கத்தில் நிற்கிறார். தயவுசெய்து எல்லோரும் திரும்பிப் பார்க்காதீர்கள். சரி, பார்த்துவிட்டீர்கள்.

ரோஸ்லின் வானூட் அவர்களின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே ஒவ்வொருவரும் உறுதி சொன்னார்கள். அவர் பெயரில் ஒரு தெரு, ஒரு விழா. நல்லது. பிரிஜித் அவர்களும் ஜோசியானும் நானும் சொல்லும் உறுதி இதைவிடச் சிறியது. 'மூன்று புறாக்கள்' பின்னறையில் வியாழக்கிழமை மேஜை நடக்கும். 'ஈரக் கோட்டு' எங்கே பாடப்பட்டாலும், முன்னால் அந்த வரி வாசிக்கப்படும், பின்னால் அந்த இடம் விடப்படும், அந்த இடம் நிரப்பப்படும். நாற்காலியில் இருந்த கோட்டுகளை ஜோசியான் இன்று காலை எடுத்துவிட்டார். கோட்டு மாட்ட யமினா சுவரில் கொக்கி அடித்திருக்கிறார்.

நிகழ்ச்சி நிரலில், என் உரைக்குப் பிறகு ஒரு நிமிட மௌனம் என்று இருக்கிறது. துணை மேயர் அவர்களே, உங்கள் அனுமதியோடு அதை மாற்றுகிறோம். ரோஸ்லினுக்கு மௌனம் வேண்டாம். மௌனத்தை நாம் அவருக்கு ஒன்பது ஆண்டுகள் கொடுத்துவிட்டோம்.

எங்கள் மேஜையின் விதிப்படி பார்த்தால், அறை முணுமுணுக்காத பாட்டு இன்னும் பாடப்படாத பாட்டு. அப்படியானால் 'ஈரக் கோட்டு' இதுவரை ஒருமுறைகூடப் பாடப்படவில்லை. ரோஸ்லின் இன்னும் பியானோவின் முன்னால்தான் இருக்கிறார். கையை எடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஜோசியான் இப்போது பியானோவுக்குப் போவார். அந்த வரியை ஒற்றை விரலால் வாசிப்பார். பிறகு கையை எடுத்துவிடுவார். வாயைத் திறக்க வேண்டியதில்லை. அழகாக இருக்க வேண்டியதில்லை. மெட்டுத் தெரியாதவர்கள், பக்கத்தில் நிற்பவரைப் பின்பற்றுங்கள். அது முடிந்த பிறகு, வார்த்தைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவோம். வார்த்தைகள் உங்களுக்குத் தெரியும்.

கிலேன், கோட்டக் கழட்டு. இந்த இடம் உன்னுது. நீ ஆரம்பி, நாங்க பின்னாடியே வர்றோம்.